சிவப்பணு வீங்கினால் என்ன செய்யும்? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை ரத்த நோய்) பரிசோதனை செய்துகொண்ட குடும்பத்தாரும், நர்சிங், லேப் டெக்னீசியன் படிக்கும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் நான், டாக்டர் இல்லை. மருந்து, டோஸ் சம்பந்தமாக எதுவானாலும் உங்கள் டாக்டரிடம்தான் பேச வேண்டும். சிவப்பணுவுக்குள் உப்பும் தண்ணீரும் எப்படிப் போய் வருகின்றன என்பது மட்டும்தான் இங்கே விஷயம்.

சிவப்பணு எதற்காக வீங்க வேண்டும்? அது பாட்டுக்கு ரத்தத்தில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

அணுவுக்குள் ஹீமோகுளோபின் நெருக்கியடித்துக் கிடக்கிறது, 100 மில்லிக்கு ஏறக்குறைய 33 கிராம். அது வெளியே போக முடியாத பெரிய மூலக்கூறு. உள்ளே இருந்தபடியே தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். தடுப்பு இல்லாவிட்டால் அணு மெல்ல மெல்ல ஊதி வெடித்துவிடும். அதைத் தடுப்பது சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப். 1957-இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ கண்டறிந்தது இது. ஒவ்வொரு முறையும் 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். உப்பு உள்ளே சேராவிட்டால் தண்ணீரும் சேராது.

இது போக, தினசரி வீக்கமும் உண்டு. திசுக்களில் கரியமில வாயுவை ஏற்றிக்கொள்ளும்போது, அணுவிலிருந்து பைகார்பனேட் வெளியேறி அதற்கு ஈடாகக் குளோரைடு உள்ளே வரும். கூடவே கொஞ்சம் தண்ணீரும் வரும். சிரை ரத்தத்து அணு தமனி ரத்தத்து அணுவைவிடச் சற்றே பருத்திருப்பது இதனால்தான். நுரையீரலுக்குப் போனதும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். இந்த அளவு வீக்கத்துக்கு அணு அலட்டிக்கொள்ளாது.

அதைவிட அதிகமாக வீங்கிவிட்டால்?

சவ்வில் வேறொரு புரதம் இருக்கிறது. பெயர் பொட்டாசியம்-குளோரைடு இணைக்கடத்தி, புத்தகங்களில் சுருக்கமாக கேசிசி. சாதாரண நேரத்தில் இது சும்மா இருக்கும். அணு வீங்கினால் சில நிமிடங்களில் விழித்துக்கொண்டு, ஒரு பொட்டாசியத்தையும் ஒரு குளோரைடையும் ஜோடியாக வெளியே அனுப்பத் தொடங்கும். உப்பு போன பின்னால் தண்ணீரும் போகும். தண்ணீர் போவதற்குத் தனி வழி இருக்கிறது, அக்வாபோரின். சிவப்பணுவிலிருந்து பிரித்தெடுத்த அந்தப் புரதம்தான் தண்ணீர் போகும் வழி என்று 1992-இல் காட்டிய பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அணு பழைய அளவுக்கு வந்ததும் கேசிசி மறுபடி அடங்கிவிடும்.

ஜோடியாகப் போவதில் ஒரு சௌகரியம் உண்டு. பொட்டாசியத்தின் நேர் மின்னேற்றமும் குளோரைடின் எதிர் மின்னேற்றமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் சவ்வின் மின்னழுத்தத்தை இந்தப் போக்குவரத்து தொந்தரவு செய்வதில்லை.

இந்தக் கடத்திக்கு ஏடிபி (செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறு) செலவாகாதா? எதை வைத்துத் தள்ளுகிறது?

நேரடிச் செலவு இல்லை. பம்ப் ஏற்கெனவே சேர்த்து வைத்த வித்தியாசத்தில்தான் இது ஓடுகிறது. தோராயமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அணுவுக்குள் பொட்டாசியம் 140 மில்லிமோல், குளோரைடு 70. பெருக்கினால் 9,800. வெளியே பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், பொட்டாசியம் 4, குளோரைடு 100. பெருக்கினால் 400. உள்ளே இருப்பது ஏறத்தாழ 25 மடங்கு. அதனால் கடத்தி விழித்துக்கொண்டால் போக்கு வெளியே பார்த்துத்தான் இருக்கும். பரீட்சைக்குப் படிப்பவர்கள் இந்தப் பெருக்கலை மட்டும் நினைவில் வைத்தால் போதும், திசையை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

வீங்கிவிட்டோம் என்று அணுவுக்கு எப்படித் தெரிகிறது? அதற்குக் கண்ணா இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

கேசிசியின் மேல் பாஸ்பேட் ஒட்டியிருந்தால் அது தூங்கும். பாஸ்பேட்டைக் கழற்றினால் விழிக்கும். ஒட்டுகிற வேலையைக் கைனேஸ் நொதிகளும், கழற்றுகிற வேலையைப் பாஸ்பட்டேஸ் நொதிகளும் செய்கின்றன. இரண்டும் எப்போதும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்துகொண்டே இருக்கும். அணு வீங்கினால் இதில் எது மாறுகிறது? கழற்றுகிற நொதி வேகம் பிடிக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். 1990-இல் ஜென்னிங்ஸும் அல்-ரோஹிலும் முயல் சிவப்பணுக்களில் நேரக் கணக்கு எடுத்துப் பார்த்தபோது விடை வேறாக இருந்தது. வீக்கத்தை உணர்வது ஒட்டுகிற பக்கம். அணு வீங்கியதும் கைனேஸ் சோர்ந்துபோகிறது. கழற்றும் நொதி வழக்கமான வேகத்திலேயே வேலை செய்து கேசிசியை ஒவ்வொன்றாக விழிக்க வைக்கிறது. வீங்கிய உடனே இல்லாமல் சில நிமிடம் தாமதித்து இந்தப் போக்குவரத்து ஏறுவதற்குக் காரணம் இதுதான். ஒகடாயிக் அமிலம், காலிகுலின் போன்ற பொருள்களால் பாஸ்பட்டேஸை முடக்கிவிட்டால், அணு எவ்வளவு வீங்கினாலும் கேசிசி விழிக்காது.

சரி, கைனேஸ் ஏன் சோர்கிறது? சவ்வு இழுபடுவதை அது உணர்கிறது என்று சிலர் நினைத்தார்கள். 1992-இல் மின்டன், பார்க்கர் குழுவினர் நெரிசல் என்ற காரணத்தை முன்வைத்தார்கள். கோயில் திருவிழாவுக்குப் போகிற கூடலூர் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நிற்க இடமில்லாதபோது ஒருவர் மேல் ஒருவர் ஒட்டியேதான் நிற்க வேண்டும். பாதி பேர் இறங்கிவிட்டால் அவரவர் தனித்தனியே நிற்பார்கள். ஹீமோகுளோபின் நெரிசலில் கைனேஸ் சவ்வோடும் மற்ற புரதங்களோடும் ஒட்டிக்கொண்டு சுறுசுறுப்பாக இருக்கிறது. தண்ணீர் உள்ளே வந்து நெரிசல் குறைந்தால் பிரிந்துபோய்ச் சோர்கிறது. மிகச் சிறிய வீக்கம்கூட நெரிசலைக் கணிசமாக மாற்றிவிடும் என்பது இந்தக் கருத்தின் பலம். டபிள்யூ-என்-கே என்ற கைனேஸ் குடும்பம் நெரிசலை நேரடியாகவே உணர்கிறது என்று 2022-இல் வேறு வகைச் செல்களில் காட்டியிருக்கிறார்கள். அணு சுருங்கி நெரிசல் கூடினால் அந்தக் கைனேஸ்கள் துளிகளாகத் திரண்டு விழித்துக்கொள்கின்றன. இந்தக் குடும்பம் கேசிசியை அடக்கி வைக்கும் குடும்பம்தான். சவ்வு இழுவிசைக் கருத்தைவிட எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

இதை யார், எந்தப் பிராணியில் கண்டுபிடித்தார்கள்?

1971-இல் கிரெகெனோ வாத்தின் சிவப்பணுக்களை வீங்க வைத்து, அவை தாமாகவே பழைய அளவுக்குத் திரும்புவதைக் காட்டினார். அப்புறம் 1980-81 வாக்கில் செம்மறி ஆட்டின் ரத்தத்தில் லாஃப், டன்ஹம், எல்லரி ஆகியோர் பொட்டாசியமும் குளோரைடும் இணைந்து போவதை நிறுவினார்கள். செம்மறியில் இரண்டு வகை உண்டு: சிவப்பணுவில் பொட்டாசியம் அதிகம் உள்ளவை, குறைவாக உள்ளவை. இது பரம்பரையாக வருவது. வீங்கும்போது கேசிசி நன்றாக வேலை செய்வது பொட்டாசியம் குறைந்த வகையில். நம் சாண்டிநல்லாவில் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் ‘அங்கே கண்டுபிடித்ததா?’ என்று ஒரு மாணவி கேட்டார். இல்லை, இதெல்லாம் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் நடந்தது.

என் ரத்தத்திலும் இது வேலை செய்கிறதா?

வளர்ந்த சிவப்பணுவில் மிகக் குறைவாகத்தான். எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளிவந்த இளம் அணுவில் (ரெட்டிகுலோசைட் என்போம்) நன்றாக வேலை செய்யும். இளம் அணு அளவில் பெரியது. உப்பையும் தண்ணீரையும் கொஞ்சம் வடித்துத் தன் அளவைக் குறைத்துக்கொள்ள இந்தக் கடத்தி உதவுகிறது. அணு வளர்ந்ததும் தேவை குறைந்து கடத்தி அடங்கிவிடுகிறது. அப்புறம் 120 நாள் வாழ்க்கை பெரும்பாலும் பம்பின் கையில்தான்.

பின்னே ஏன் சிக்கிள் செல் விஷயத்தில் இதைப் பேசுகிறீர்கள்?

சிக்கிள் செல்லில் இதே வழிதான் எதிரியாகிறது.

இந்தியாவில் சிக்கிள் செல்லை முதலில் பதிவு செய்ததே நம் மலையில்தான். 1952-இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அதைக் கண்டார்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் இருப்பதுதான் கோளாறு. ஆக்ஸிஜனை இறக்கி வைத்ததும் இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்துக் கம்பிகளாக நீண்டு, அணுவை அரிவாள் போல வளைத்துவிடும்.

ஆனால் ஆக்ஸிஜன் போன கணமே கம்பி உருவாவதில்லை. கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் அணு நுண்குழாயைத் தாண்டி நுரையீரல் பக்கம் போய்விட்டால் தப்பித்தது. நுண்குழாயைத் தாண்ட ஒரு விநாடி போலத்தான் ஆகும். 1976-இல் ஈட்டன், ஹாஃப்ரிக்டர், ராஸ் மூவரும் சொன்னது, இந்தத் தாமத நேரம்தான் நோயாளியின் கஷ்டத்தைத் தீர்மானிக்கிறது என்று. அந்த நேரம் ஹீமோகுளோபின் அடர்த்தியைப் பொறுத்து மிகக் கடுமையாக மாறுகிறது. அடர்த்தி இரட்டிப்பானால் நேரம் பாதியாகும் என்கிற மாதிரி சாதாரணக் கணக்கு இல்லை இது. அடர்த்தியைத் தன்னாலேயே 15 முறைக்கும் மேல் பெருக்குகிற அளவுக்குச் செங்குத்தானது. அணுவிலிருந்து ஒரு சிட்டிகை தண்ணீர் குறைந்தாலே தப்பிக்கும் வாய்ப்பு பெருமளவு போய்விடும்.

இப்போது கேசிசிக்கு வருவோம். இந்த நோயில் அணுக்கள் சீக்கிரம் அழிவதால் மஜ்ஜை புதுசு புதுசாக இளம் அணுக்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். இளம் அணுவில்தான் கேசிசி அதிகம். போதாக்குறைக்கு, சிக்கிள் அணுவில் அது அடங்கவும் மறுக்கிறது. சாதாரண அணுவில் ஆக்ஸிஜன் குறைந்தால் கேசிசி அடங்கும். சிக்கிள் அணுவில் ஆக்ஸிஜன் குறைந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். ரத்தம் சற்று அமிலமானால், அதாவது பிஎச் 7-க்குப் பக்கம் இறங்கினால், இன்னும் வேகம் பிடிக்கும். ரத்தம் மெதுவாக ஓடும் மண்ணீரலிலும், உழைத்துக் களைத்த தசையிலும் அப்படி அமிலம் சேர வாய்ப்புண்டு. அணுவுக்குள் மக்னீசியம் குறைந்தாலும் கேசிசி தூண்டப்படும். சிக்கிள் அணுவில் மக்னீசியம் ஏற்கெனவே குறைவு.

வீங்கிய அணுவைக் காப்பாற்ற இருக்கும் வழி, வீங்காத அணுவிலும் திறந்து அதை வற்ற வைக்கிறது. வற்றினால் அடர்த்தி கூடும். அடர்த்தி கூடினால் சீக்கிரம் வளையும்.

தண்ணீர் போக இது ஒன்றுதான் வழியா?

இல்லை. இன்னொன்று கார்டோஸ் சேனல். ஹங்கேரியின் ஜ்யோர்ஜி கார்டோஸ் 1958-இல் விவரித்தது. அணு வளையும்போது சவ்வில் கால்சியம் கசியும். கால்சியம் ஏறியதும் இந்தச் சேனல் திறந்து பொட்டாசியத்தைக் கொட்டும். குளோரைடும் தண்ணீரும் பின்னாலேயே போகும். வளைந்த பிறகு வற்ற வைப்பது இது. முதலிலிருந்தே, வளையாத இளம் அணுவையும் வற்ற வைப்பது கேசிசி. இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன.

லேபில் உப்புத் தண்ணீரில் ரத்தம் விட்டுப் பார்க்கிறீர்களே, அது இதற்கா?

அது ஆஸ்மாட்டிக் ஃப்ரஜிலிட்டி டெஸ்ட். வீக்கத்தை அணு எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்கும் சோதனை. டெஸ்ட் டியூப்களை ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்தி, முதலாவதில் 0.9 சதவீத உப்பு, அப்புறம் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் வெறும் தண்ணீர் வரை ஊற்றுவோம். ஒவ்வொன்றிலும் அளவாக ரத்தம் விட்டு மெல்லக் கவிழ்த்துக் கலக்கி, அரை மணி நேரம் வைத்துவிட்டு சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவோம். 0.9 உள்ள டியூபில் அடியில் சிவப்புப் பொட்டு, மேலே வெறும் தண்ணீர் போலத் தெளிவு. 0.5 பக்கம் வரும்போது மேல்நீரில் லேசான ரோஜா நிறம் தட்டும். 0.3-க்குக் கீழே இறங்கினால் டியூப் முழுக்க ஒரே சிவப்பு, அடியில் பொட்டே இருக்காது. அத்தனை அணுவும் வெடித்துவிட்டன என்று அர்த்தம்.

பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ் உள்ளவரின் அணு ஏற்கெனவே உருண்டையாக இருக்கும். இன்னும் ஊத இடமில்லை, அதனால் சீக்கிரம் வெடிக்கும். சிக்கிள் நோயாளியின் அணு அதற்கு நேர்மாறு. வற்றிக் கிடப்பதால் நிறையத் தண்ணீரைத் தாங்கும், 0.3-லும் கொஞ்சம் வெடிக்காமல் நிற்கும். ‘அப்படியானால் பலமான ரத்தமா?’ என்று ஒரு அப்பா சந்தோஷமாகக் கேட்டார். பலம் இல்லை, வறட்சி. சிக்கிள் செல்லைக் கண்டுபிடிக்க இந்த டெஸ்ட் போதாது. அதற்குக் கலங்கல் பார்க்கும் சாலுபிலிட்டி டெஸ்டும், உறுதி செய்ய, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரெசிஸ் அல்லது எச்பிஎல்சியும் வேண்டும்.

மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அறை குளிர்ந்தால் அணு சற்று முன்னதாகவே வெடிக்கும். 5 டிகிரி வித்தியாசம், உப்பில் 0.01 சதவீத வித்தியாசத்துக்குச் சமம். சின்ன எண்தான். ஆனால் சமவெளி லேபில் 28 டிகிரியில் எடுத்த நார்மல் வரம்பை வைத்துக்கொண்டு, ஊட்டியில் மார்கழிக் காலை 13 டிகிரியில் எடுத்த ரிசல்ட்டைப் படித்தால், எல்லைக்கோட்டில் இருப்பவர் கோட்டைத் தாண்டிவிடுவார். தெர்மாமீட்டரைப் பார்த்து வெப்பநிலையை எழுதி வையுங்கள். நார்மல் ஆள் ஒருவரின் ரத்தத்தையும் பக்கத்திலேயே போட்டுவிட்டால் இந்தச் சந்தேகமே வராது.

‘தண்ணி நிறையக் குடி’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். குடித்தால் அணுவுக்குள் தண்ணீர் ஏறிவிடுமா?

நேராக ஏறாது. நீங்கள் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாலும், பிளாஸ்மாவின் செறிவைச் சிறுநீரகம் 285-லிருந்து 295 மில்லிஆஸ்மோலுக்குள் பிடித்து வைத்துவிடும். கூடுதல் தண்ணீர் சிறுநீராகப் போய்விடும். தண்ணீர் குடிப்பதன் பலன் வேறு. குடிக்காமல் விட்டால் பிளாஸ்மா செறிவடைந்து, ஏற்கெனவே வற்றிய அணுவிலிருந்து இன்னும் தண்ணீரை உறிஞ்சும். அதைத் தடுக்கத்தான் இந்த அறிவுரை. சிக்கிள் நோயில் சிறுநீரகத்துக்குச் சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குறைந்துவிடும். நிறையச் சிறுநீர் போகும், அதனால் மற்றவர்களைவிட அதிகமாகவே குடிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் இங்கே யாருக்கும் தாகம் எடுப்பதில்லை. பச்சைத் தேயிலை பறிக்கப் போகிறவர்கள் காலையில் ஒரு கட்டன் சாயாவோடு இறங்கி மதியம் வரை தொண்டையை நனைக்காமல் இருப்பதைப் பார்க்கிறேன். ஃபிளாஸ்கில் சுடுதண்ணீர் கொண்டுபோங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

குளிரும் உயரமும் கெடுதலா?

குளிர் ரத்தக் குழாயைச் சுருக்கும். நுண்குழாயில் அணு ஊர்ந்து போகும் நேரம் கூடும். அந்தத் தாமத நேரக் கணக்கு இங்கேயும் வருகிறது: நேரம் கூடினால் உள்ளேயே வளைந்துவிடும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். கூடலூர் சுமார் 1,000 மீட்டர், அந்த அளவுக்குச் சிரமம் இல்லை. நோய் உள்ள பிள்ளையை உறைபனிக் காலத்தில் மேலே அழைத்துப் போவதென்றால் கம்பளி, குல்லா, கையுறை, சுடுதண்ணீர் எல்லாம் கட்டாயம்.

இந்தக் கடத்தியை அடைக்க மருந்து இல்லையா?

யோசிக்காமல் இல்லை. 1980-இல் ரோசாவின் குழு நோயாளிகளின் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து அணுவைக் கொஞ்சம் வீங்க வைத்துப் பார்த்தது. தொடர்ந்து அப்படி வைத்திருப்பது கஷ்டம், ஆபத்தும்கூட. வீக்கமே கேசிசியை எழுப்பும் என்பதையும் மறக்கக் கூடாது. மக்னீசியம் கொடுத்துக் கேசிசியை அடக்கும் முயற்சி 1990-களில் சிறிய ஆய்வில் நம்பிக்கை தந்தது. பிறகு வலி வந்த பிள்ளைகளுக்கு ஊசி வழியாகக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. கார்டோஸ் சேனலை அடைக்கும் செனிகாபாக் மருந்து ஹீமோகுளோபினை உயர்த்தியது, ஆனால் வலி வரும் தடவைகளைக் குறைக்கவில்லை.

கைக்கு எட்டும் மருந்து ஹைட்ராக்ஸியூரியா. அது கருவில் இருக்கும் வகை ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது, அது கம்பி கோப்பதைத் தடுக்கிறது. மருந்து சாப்பிடுகிறவர்களின் அணு அளவும் பெரிதாகும், உள்ளே தண்ணீரும் கூடும். ரிப்போர்ட்டில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) ஏறியிருப்பதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறுவது மருந்து வேலை செய்வதன் அடையாளம். நிறுத்தாதீர்கள். ஆனால் ரத்த எண்ணிக்கையை அவ்வப்போது பார்த்தே ஆக வேண்டும்.

டிரிப் பாட்டிலில் வெறும் தண்ணீர் ஏற்றினால் என்ன?

ஏற்றவே கூடாது. ஊசி நுனியைச் சுற்றி இருக்கும் அணுக்கள் கேசிசி விழிக்கும் முன்பே வெடித்துவிடும். அந்தக் கடத்திக்கு நிமிடங்கள் வேண்டும், வெறும் தண்ணீருக்கு விநாடிகள் போதும். சலைன் லிட்டருக்கு 9 கிராம் உப்பாக இருப்பது இதற்குத்தான்.

ரத்தப் பையை ஃபிரிட்ஜில் வைக்கிறார்களே, குளிரில் அந்தப் பம்ப் ஓடுமா?

கிட்டத்தட்ட நின்றுவிடும். 2 முதல் 6 டிகிரியில் பம்ப் படுத்துவிட, பொட்டாசியம் மெல்லக் கசிந்து வெளியே சேரும், சோடியம் உள்ளே ஏறும். பழைய பையில் பொட்டாசியம் அதிகமாக இருப்பது இதனால். உடம்புக்குள் ஏறிச் சூடான பிறகு பம்ப் மறுபடி வேலையைத் தொடங்கும். ஆனால் உறைந்துவிட்ட பையை உபயோகிக்க முடியாது. பனிக்கட்டி அணுக்களைக் கிழித்திருக்கும். தூரத்து ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொண்டுபோகும்போது ஐஸ் பாக்கெட்டைப் பையோடு ஒட்டி வைக்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

நான் கேரியர் மட்டும்தான். எனக்கும் அணு வற்றுமா? தொட்டபெட்டா ஏறலாமா?

கேரியர் என்றால் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் கோளாறான மரபணு வந்தவர். அவரின் அணுவில் சாதாரண ஹீமோகுளோபினே பெரும்பங்கு. சிக்கிள் வகை பொதுவாக 40 சதவீதத்துக்குள். அன்றாட வாழ்க்கையில் அணு வளைவதில்லை, அதனால் கேசிசியாலும் கார்டோஸாலும் பெரிய தொல்லை இல்லை. தொட்டபெட்டா தாராளமாக ஏறலாம். உயரமான இடத்தில் தண்ணீர் குடிக்காமல் மூச்சு வாங்க உழைத்த சில கேரியர்களுக்கு மண்ணீரல் பாதிப்பு அரிதாகப் பதிவாகியிருக்கிறது. ஏறும்போது இடது விலாவுக்குக் கீழே கடுமையான வலி வந்தால் உட்கார்ந்து சமாளிக்கப் பார்க்காமல் கீழே இறங்கி டாக்டரைப் பாருங்கள், கேரியர் என்பதையும் சொல்லுங்கள். கல்யாணம் பேசும்போது எதிர்த்தரப்பும் டெஸ்ட் எடுத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு.